தன்னனே மரத்துல ஒரு ரொட்டிக்கட்டை

அப்பா செத்து பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே அம்மா அவரோட மம்பட்டிய எடுத்து, தேயிலைத் தோட்டத்து லயத்துல பக்கத்து காம்பரா வீட்டு மாமாகிட்ட குடுத்துருச்சு. செத்தவங்களோட வேலை சாமான் வீட்டுல இருந்தா அவங்க அதத் தேடி வருவாங்களாம். வந்தா வரட்டுமேன்னு எனக்கு இருந்துச்சு.

மாமாவுக்கு அந்தப் பிடி ரொம்ப பாரமாம். "உங்கப்பன் இதத் தூக்கிக்கிட்டு எப்பிடிடா தண்ணி ஓடுற கான் வெட்டுனான்? இத தூக்குறதுக்கே தனியா ஒரு நாள் பேரு போட்டு சம்பளம் குடுக்கணும்"னு சொல்லிக்கிட்டே கழட்டி வெறகோட போட்டுட்டு, சவுக்குல ஒண்ணு செதுக்கிப் போட்டுக்கிட்டாரு. நான் வெறகுலருந்து அத உருவி பேக்குல சொருகிக்கிட்டு பதுளைக்கு பஸ் ஏறிட்டேன். பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சு. "யார அடிக்கப் போறீங்க தம்பி?"ன்னு கண்டக்டர் கேட்டாரு.

பதுளையில ஒரு தச்சுப் பட்டறையிலதான் எனக்கு வேலை. எட்டாவதோட பள்ளிக்கூடம் நின்னதுலருந்து அங்கதான். கடைசல் மெஷின் என் பொறுப்பு. நாற்காலி கால், கட்டில் கால், ரொட்டிக்கட்டை எல்லாம் கடைவேன். நான் நெனச்சது இதுதான். மம்பட்டி பிடியா இருந்தாத்தானே வீட்டுல வைக்கக் கூடாது, ரொட்டிக்கட்டையா ஆக்கிட்டா என்ன? அம்மாவுக்கு கொழுந்து பறிச்சு பறிச்சு மணிக்கட்டு வலி. ரொட்டி தட்ட முடியாம சோடா போத்தல வச்சுத்தான் தேய்க்குது. அப்பா கை பட்டது ஒண்ணு தெனமும் அம்மா கையில இருக்கணும். எனக்கு அது போதும்.

பட்டறை பாஸ் சிங்கள ஆளு. தமிழ் நல்லா பேசுவாரு, என்னய மல்லி, அதாவது தம்பின்னுதான் கூப்பிடுவாரு. பிடிய வாங்கி நகத்தால கீறிப் பாத்தாரு, மோந்து பாத்தாரு.

"என்ன மரம் மல்லி?"

"தன்னனே மரம் பாஸ்."

"என்னா?"

"தன்னனே. மேல காட்டுல அப்பா வெட்டுனது. சின்னப்புள்ளையில கேட்டேன், அவருதான் பேரு சொன்னாரு."

பாஸ் மேசையப் பிடிச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சிட்டாரு. "அடே மல்லி, தன்னே நே! தெரியாதுன்னு சொல்லியிருக்காருடா அப்பா!"

எனக்கு ஒண்ணுமே ஓடல. தன்னே நேன்னா சிங்களத்துல 'தெரியாது'ன்னு அர்த்தம். பட்டறையில நானே அத நாளைக்கு பத்து தடவ சொல்றேன். ஆனா அப்பா சொன்னது சவுக்கு மாதிரி, வாகை மாதிரி ஒரு மரத்துப் பேராவே எனக்குள்ள கெடந்துருச்சு. பள்ளிக்கூடத்துல மரங்களோட பேரு எழுதச் சொன்னப்பக்கூட எழுதுனேன். டீச்சர் சிவப்புக் கோடு போட்டாங்க. பாவம், டீச்சருக்கே தெரியலன்னு நெனச்சுக்கிட்டேன்.

நானும் சேந்து சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே, ஞாயித்துக்கிழம வீட்டுக்குப் போனதும் அப்பாகிட்ட கேக்கணும்னு நெனச்சேன், "என்னய ஏமாத்துனீங்களா, இல்ல உங்களுக்கும் அதுதான் பேரா?"ன்னு. அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு. மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு பலகைய அடுக்குனேன்.

பிடியோட அடிப்பக்கம் முழுக்க வெடிப்பு. மேல்பக்கந்தான் நல்லா இருந்துச்சு, அப்பா பிடிக்கிற எடம். எண்ணெய் ஊறுன மாதிரி கறுத்து, வழுவழுன்னு, வெரல் பதியிற எடத்துல லேசா தேஞ்சு இருந்துச்சு. அதுல ஒண்ணரை அடி அறுத்து மெஷின்ல மாட்டுனேன். உளி ஏறவே இல்ல. கருகுன வாசனைதான் வந்துச்சு. ரெண்டு தடவ தீட்டிட்டு திரும்ப வச்சேன்.

சட்டுனு ஏறுச்சு. மொதல்ல பறந்தது அந்தக் கறுப்பு.

எந்தக் கட்டைய மாட்டுனாலும் மேல் தோலுதான் மொதல்ல போகும். எத்தன கட்டை கடைஞ்சிருக்கேன், எனக்குத் தெரியாததா? ஆனா அன்னைக்கு அது தோணவே இல்ல. மெஷின நிறுத்திட்டு தடவிப் பாத்தேன். உள்ள செவப்பா, அழகா, புதுசா இருந்துச்சு. அப்பா இல்ல. கீழ குனிஞ்சு கறுப்பு சீவலத் தேடுனேன். காலையிலருந்து கடைஞ்ச மத்த கட்டைங்களோட தூளுல எல்லாம் கலந்து போச்சு.

"என்னடா தேடுற?"ன்னாரு பாஸ்.

"ஒண்ணுமில்ல பாஸ்."

வேற என்ன செய்ய? கடைஞ்சு முடிச்சேன்.

ஞாயித்துக்கிழம அம்மாகிட்ட குடுத்தேன். என்ன கட்டைன்னு சொல்லிரலாமான்னு பஸ்ல வழி பூரா நெனச்சேன். சொன்னா அன்னைக்கே கட்டை வீட்ட விட்டு வெளிய போயிரும். "பட்டறையில செஞ்சதும்மா"ன்னேன். பொய்யில்லதானே.

அம்மா ஒரு ரொட்டி தேச்சுது. "அடியாத்தீ, அமுக்கவே வேணாம்போல. கையே வலிக்கல"ன்னுச்சு.

மாமாவோட சம்சாரம், எங்க அத்த, தேங்கா திருவிய எரவல் கேக்க வந்துச்சு. அதுவும் ஒண்ணு தேச்சுப் பாத்துட்டு, "ஏய் மருமகனே, ஆத்தாளுக்கு மட்டுந்தானா? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு கொண்டா"ன்னுச்சு.

"கொண்டாருவான். பட்டறையில கெடக்குமில்ல"ன்னு எனக்கு முந்தி அம்மா சொல்லிருச்சு.

"சரி அத்த, பாக்குறேன்"ன்னேன்.

அம்மா கட்டையில ஒட்டுன மாவ வெரலால வழிச்சுட்டு அடுத்த உருண்டைய எடுத்துச்சு. நான் அந்தக் கையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தேன். "ரொட்டி ஆறுதுடா, தின்னு"ன்னுச்சு.