நூறால் வகுத்த சாம்பார்

சென்னையில் என் சாம்பாரைச் சாப்பிடாமல் யாராவது கல்யாணம் செய்துகொண்டிருந்தால், அவர்கள் ரிஜிஸ்தர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டவர்களாகத்தான் இருக்க வேண்டும். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் வேறு நிறைய இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவன் நான். இன்றைக்கு அதே மண்டபத்துக்குப் போனால் மானேஜர் எழுந்து நாற்காலி போடுகிறார். மூன்று வேன், மந்தைவெளியில் சொந்த வீடு, ஆள் இறங்கித் தேய்க்கிற அளவுக்கு அண்டாக்கள். தொழிலை மகன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். நான் என் சர்க்கரையைப் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சர்க்கரைதான் தினமும் காலையில் என்னை மயிலாப்பூரில் ஒரு பார்க்குக்குத் துரத்துகிறது. நடப்பது கொஞ்சம், உட்கார்வது நிறைய. எங்கள் பெஞ்சில் மூன்று பேர். ஒருவர் ரிடையர் ஆன கணக்கு வாத்தியார். நாங்கள் சார் என்போம். இன்னொருவர் சைதாப்பேட்டையில் தையல்கடை வைத்திருக்கும் பாய். கடையைச் சாத்திவிட்டு வரும்போது மார்க்கெட்டில் காய் வாங்கி வருகிற ஆள். ஊரில் எந்தக் காய் என்ன விலை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மூன்றாவது ஆள் நான். என்னை இரண்டு பேரும் மாஸ்டர் என்பார்கள்.

எங்கள் பெஞ்சில் அரசியல் கிடையாது, வியாதி கிடையாது. நேற்று வீட்டில் என்ன சமையல் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் எல்லோருக்கும் காபி வாங்கித் தர வேண்டும். பாய் வாரத்தில் ஐந்து நாள் பிரியாணி என்று அளந்துகொண்டிருந்தபோது நான் கொண்டுவந்த சட்டம் இது. அதற்கப்புறம் அவர் வீட்டில் திடீரென்று கத்திரிக்காய் சமைக்க ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு நான்தான் முதலில்.

“எங்க ஊட்ல சங்கரா மீன் கொழம்பு. பட்டினப்பாக்கத்துல எங்க ஊட்டம்மா பேசின பேரத்துக்கு, மீன்காரம்மா ‘காசே வாணாம், எடுத்துக்கினு போம்மா, ஆள வுடு’ன்னு கெஞ்சிச்சாம்.”

“எங்க வூட்ல தால்சா,” என்றார் பாய். “மட்டன் விக்கிற விலைக்கு அத்த போட்டோ புடிச்சு சொவுத்துல மாட்டிக்க வேண்டியதுதான். வெறும் எலும்பு வாங்கிப் போட்டோம்.”

“ஆத்துல முருங்கைக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட்,” என்றார் சார்.

பாய் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். குனிந்தபடியே கேட்டார்.

“காய் இன்னா வில சார் வாங்கினீங்க?”

“அஞ்சு ரூபா.”

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அந்தச் சமயம் முருங்கைக்காய் வரத்தே இல்லை. ஒற்றைக் காயை முப்பது ரூபாய்க்குக் குறைத்துத் தரமாட்டோம் என்றார்கள். என் பெரிய மகன் கல்யாண மெனுவிலிருந்தே முருங்கைக்காயைத் தூக்கிவிட்டுப் பூசணிக்காயைப் போட்டிருந்தான்.

“கொத்தமல்லி கட்டுக்கு ஒரு ரூபா கொறைக்கச் சொல்லி கடைக்காரன அழ வெக்கிற ஆளு நீங்க,” என்றார் பாய். “நீங்க மார்க்கெட் பக்கமே போவல.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “காபி நான் வாங்கறேன்,” என்றார்.

காபிக் கடையில் விஷயம் வெளியே வந்தது. அவர் வீட்டம்மா தவறி ஒரு வருஷம் ஆகிறது என்பது எங்களுக்குத் தெரியும். சமையலுக்கு வந்துகொண்டிருந்த அம்மாவும் அந்த மாசமே நின்றுவிட்டார் என்பதுதான் தெரியாது. அதிலிருந்து பகலில் தயிர்சாதம், மாவடு, ராத்திரி பிரெட். எங்களிடம் சொன்னதெல்லாம் வீட்டம்மா இருந்த காலத்து மெனு. அதே மெனுவைத்தான் புனேயில் இருக்கும் மகளிடமும் போனில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

“அவளுக்குச் சந்தேகம் வந்துடுத்து,” என்றார். “ஞாயித்துக்கிழமை வராளாம். ‘நீங்களே சமைச்சுப் போடுங்கோ. முடிஞ்சா இங்கேயே இருங்கோ, இல்லேன்னா என்னோட கெளம்பணும்’கறா. பதினாலாவது மாடி. அங்க போய் நான் யாரோட பேசுவேன்? முருங்கைக்காய் விலை தெரியலேன்னு திட்டறதுக்குக்கூட ஆள் கிடையாது.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். டம்ளரில் காபி அப்படியே இருந்தது.

“குத்துக்கல்லாட்டம் நான் ஒர்த்தன் கீறேன், இன்னா சார் பயம் உங்களுக்கு?” என்றேன். “ஊருக்கே சாம்பார் ஊத்துனவன். உங்க ஒரு பொண்ணுக்கு ஊத்த மாட்டேனா?”

அன்று மத்தியானமே அவர் வீட்டு அடுப்படியில் போய் நின்றேன். செங்கல் அடுக்கிய கோட்டை அடுப்பில் சமைத்தவனுக்கு அந்த கேஸ் அடுப்பு பொம்மை மாதிரி இருந்தது. பாத்திரங்களும் சொப்பு மாதிரி. பருப்பு டப்பாவைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. நூறு பேருக்கு மூன்று கிலோ பருப்பு என்று சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். ஐந்நூறு பேர் என்றால் இன்னும் சுலபம். ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று வாழ்க்கையில் என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு ஆளுக்குச் சமைக்கச் சொல்லி எவன் காண்ட்ராக்ட் கொடுப்பான்?

இதைச் சொன்னதும் சார் முகம் தெளிந்தது. “இவ்வளவுதானே? நூறு பேருக்கு எல்லாத்தையும் சொல்லுங்கோ. நூறால வகுத்துடலாம்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான் சொல்லச் சொல்ல அவர் வாயாலேயே வகுத்தார். பருப்பு முப்பது கிராம். தாளிக்க ஐம்பது மிளகாய் என்றேன். அரை மிளகாய் என்றார். மிளகாயைப் பாதியாகக் கிள்ளினோம். பெருங்காயம் கணக்குப்படி நகக்கண்ணில் ஒட்டுகிற அளவு வந்தது. நகத்தால்தான் கிள்ளிப் போட்டோம். முருங்கைக்காயைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை.

“கொதிக்கற நேரத்தையும் வகுக்கணுமா மாஸ்டர்?”

யோசித்துத்தான் பதில் சொன்னேன். “அது எப்டி சார்? நேரம் எல்லாத்துக்கும் ஒண்ணுதான். என் அண்டா முக்கா மணி நேரம் கொதிக்கும்.”

அதில் அவருக்கும் ஆட்சேபணை இல்லை. அடுப்பில் ஏற்றிவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்து, வெங்காய விலை எப்போது இறங்கும் என்று பேசிக்கொண்டிருந்தோம். முக்கால் மணி ஆகவில்லை, கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டி, “என்ன எரியறது?” என்று கேட்டார். அண்டாவில் கொதிக்கிற தண்ணீர் வேறு, கையகலப் பாத்திரத்தில் கொதிக்கிற தண்ணீர் வேறு என்று அன்றைக்குத்தான் எங்கள் இரண்டு பேருக்கும் புரிந்தது. பாத்திரத்தின் அடியில் இருந்ததை பாய் சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு, “இத்த ரோடு போட குடுக்கலாம்” என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டம்மாவிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் வீட்டு அடுப்படியில் எனக்கு இடமில்லை. கல்யாணமான புதிதில் அவளை அசத்தலாம் என்று ரசம் வைத்தேன். தெருவே சொம்பு கொண்டுவந்து வாங்கிப்போயும் மிச்சம் இருந்தது. அன்றோடு கதவைச் சாத்திவிட்டாள்.

“ரெண்டு பேருக்கு ரசம் வெக்கணும்னா புளி எவ்ளோ போடுவே?” என்று கேட்டேன்.

“யாருக்கு?”

“பொதுவா கேக்கறேன்.”

“பொதுவாவா? மூணு வேன் வெச்சிருக்கற ஆளு பொதுவா புளி கேக்கறாரு,” என்று கரண்டியைக் கீழே வைத்தாள். முழுக்கதையையும் வாங்கிவிட்டுத்தான் எடுத்தாள். மறுநாள் காலையில் சாருக்கு வீடியோ கால் போட்டாள். சார் கையில் பாதி எலுமிச்சம்பழ அளவு புளியைக் காட்டச் சொன்னாள்.

“அண்ணே, கடியாரத்தப் பாக்காதீங்க. பாத்திரத்தப் பாருங்க. நொர பொங்கிக்கினு மேல வருதா? அவ்ளோதான், அடுப்ப நிறுத்துங்க. எங்க ஊட்டுக்காரு சொல்றது எதையும் காதுல வாங்காதீங்க.”

அந்த வாரம் முழுக்க அவளுடைய பாடம் நடந்தது. ரசம், பீன்ஸ் கறி என்று இரண்டு அயிட்டம் தேறின. போனைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரியாததைத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது ஒரு திறமை. நான் தொழிலில் மேலே வந்ததே அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பாயும் சார் வீட்டு ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டோம். மகள் வந்து குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். வேலையில் பெரிய பொறுப்பில் இருக்கிற பெண். ஒரு வாய் வைத்துவிட்டு, நிமிராமல் இன்னொரு வாய் பிசைந்தாள். பாய் என் தொடையைக் கிள்ளினார்.

“ரசம் நன்னாருக்குப்பா,” என்றாள். இரண்டாம் தரமும் ஊற்றிக்கொண்டாள். சார் முகத்தில் ரிசல்ட் வந்த பையனின் சிரிப்பு. அப்போது அவள், “அன்னிக்கு முருங்கைக்காய் சாம்பார்னு சொன்னேளே, நாளைக்கு அதைப் பண்ணுங்கோ. எனக்கு சாயங்காலம்தான் ஃப்ளைட்டு,” என்றாள்.

சரி என்று சொல்லுங்கள், ராத்திரிக்குள் கற்றுக்கொடுத்துவிடலாம் என்று நான் அவருக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“அது பொய்ம்மா,” என்றார். “ஒரு வருஷமா சொன்னது அத்தனையும் பொய். இந்த ரசமும் பீன்ஸும்தான் நெஜம். அதுவும் இந்த வாரம் கத்துண்டது.”

அவள் கை தட்டில் நின்றது. “தயிர்சாதம் சாப்பிட்டேன்னு சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?”

“அழைச்சிண்டு போயிருப்பே.”

நான் விட்டத்தைப் பார்த்தேன். பாய்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“எங்க பெஞ்சில பொய் சொல்லி மாட்டிக்கினா காபி வாங்கித் தரணும்மா. அந்த முருங்கக்காய்க்கு உங்கப்பா வாங்கிக் குடுத்துட்டாரு. அந்தக் கேஸு முடிஞ்சிபோச்சு.”

“எப்படிப் பிடிச்சேள்?” என்று கேட்டாள். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே விலை கேட்டதை பாய் சொன்னார். அஞ்சு ரூபாய் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சாதத்தை விரலால் ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

“நான் தினம் போன்ல கேட்டுண்டுதான் இருக்கேன். எனக்கு இப்பத்தான் சந்தேகமே வந்துது. இந்த மாமாக்கள் ஷூ லேஸ் கட்டிண்டே பிடிச்சிருக்கா.” அப்பாவைப் பார்த்தாள். “சரி, இங்கேயே இருங்கோ. ஆனா நீங்க பெஞ்சில இருக்கறச்சே நான் போன் பண்ணுவேன். ஸ்பீக்கர்ல போட்டு, இவா எதிர்ல சொல்லணும் என்ன சாப்பிட்டேள்னு.”

“போடலாம்மா,” என்றார் பாய். “ஆனா சட்டம் எல்லாருக்கும் ஒண்ணு. நீயும் சொல்லணும்.”

“சொல்லிட்டாப் போச்சு.”

அவள் ஊருக்குப் போன சில நாளில், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்ததும் போன் வந்தது. சார் ஸ்பீக்கரில் போட்டார்.

“வெண்டைக்காய் மோர்க்குழம்பு. நானே பண்ணினேன்,” என்றார் சார். பாய் உடனே வெண்டைக்காய் விலை கேட்டார். சார் விலையைச் சொல்லி, காம்பை ஒடித்துப் பார்த்து வாங்கியதையும், கடைக்காரன் முறைத்ததையும் சேர்த்துச் சொன்னார். பாய் தலையை ஆட்டினார். பாஸ்.

“நீ என்னம்மா பண்ணினே?”

“முருங்கைக்காய் சாம்பார்ப்பா. ஜோரா வந்துது.”

சார் போனுக்குக் குனிந்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனை எழுப்புகிற குரலில் கேட்டார்:

“புனேல காய் என்ன விலை?”

அந்தப் பக்கம் லிஃப்ட் கதவு மூடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“வேலை ஜாஸ்திப்பா,” என்றாள் கடைசியில். “ஹோட்டல்லேர்ந்து ஆர்டர் பண்ணினேன். மாமா, காபி என் கணக்கு.”

“மாஸ்டருக்கு சக்கர இல்லாம,” என்று பாய் எழுந்தே விட்டார்.

சார் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என்னைப் போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

“பாத்தேளா, எம்பொண்ணு,” என்றார். “ஒரே கேள்வியில ஒத்துண்டுட்டா. நான் காபிக் கடை வரைக்கும் இழுத்தேன்.”