எழுதியவரோடு சண்டைக்குப் போகும் அக்கா

“வாசிச்சு முடிச்சிட்டீங்களா? சரி, இப்ப சொல்லுங்க. இதை எழுதினவர் என்ன சொல்ல வர்றார்?”

அக்கா கேட்கிறார். எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஓர் எலக்ட்ரீஷியன். அவர் மூக்கின்மேல் கனத்த வட்டச் சட்டம். பவர் பார்ப்பதற்காக அதில் கண்ணுக்கு இரண்டாக லென்ஸ் செருகியிருக்கிறது. கையில் வாசிப்பு அட்டை. பொடி எழுத்து தெரிகிறதா என்று சோதிக்கும் அட்டைதான். ஆனால் அதில் வழக்கமாக இருக்கும் நாலு வரியை மறைத்து, ஆங்கிலத்தில் வேறொரு பத்தியை அக்கா ஒட்டிவைத்திருக்கிறார்.

“நான் கண்ணாடி போட வந்தேங்க,” என்கிறார் அவர், வகுப்பு மாறி உட்கார்ந்துவிட்ட பிள்ளை மாதிரி.

“அது எனக்குத் தெரியாதா? சும்மா சொல்லுங்க, மார்க் எல்லாம் போட மாட்டேன். ரெண்டாவது வரியிலேயே திணறினீங்களே... இருங்க, கால் பாயிண்ட் கூட்டறேன்.”

மறுபடி வாசிக்கிறார். மறுபடி திணறுகிறார். இன்னொரு கால் ஏறுகிறது.

இது எங்கள் கண்ணாடிக் கடை. முன்பக்கம் ஃபிரேம்களும் முதலாளியும். நடுவில் ஒரு குறுகலான இருட்டறை. அங்கேதான் அக்கா கண் பார்க்கிறார். பின்பக்கம் நான் லென்ஸ் அரைத்து ஃபிரேமில் பொருத்துகிறேன். இருட்டறைக்கும் என் அறைக்கும் இடையே கையகல ஜன்னல் ஒன்று உண்டு. பவர் எழுதிய சீட்டு அந்த வழியாகத்தான் என்னிடம் வரும். சீட்டோடு சேர்த்து அங்கே நடக்கிற எல்லாமும் வந்துவிடும். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள் நான். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னால் நாள் முழுக்கப் பார்ப்பேன்.

வருகிறவர்கள் அக்காவை டாக்டரம்மா என்பார்கள். ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. “டாக்டர் கண்ணைக் கிழிப்பாங்க. நான் பவர் மட்டும் சொல்வேன். தப்பாச் சொல்லாதீங்க.” வயது முப்பத்தெட்டு. கட்டம் போட்ட சட்டைப்பையில் எப்போதும் மூன்று பேனா. கடிகாரம் தப்பாக ஓடினாலும், விளம்பரத்தில் ஓர் எழுத்து விழுந்திருந்தாலும், வானிலை அறிக்கை பிசகினாலும் அவருக்குப் பொறுக்காது. ரேடியோவில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வார். ஒருமுறை கடை வாசலில் லாரி பின்வாங்கும்போது ‘கவனம், கவனம்’ என்று அதிலிருந்து ஒரு பெண் குரல் வந்துகொண்டே இருந்தது. “அதான் பார்த்துட்டோமே, எத்தனை தடவை சொல்வே?” என்று அந்தக் குரலோடும் மல்லுக்கு நின்றவர்.

இப்படிப்பட்டவருக்கு ஓர் ஆசை. குழந்தைகளின் பார்வையைப் பற்றி இரண்டு வருடம் பெரிய படிப்பு படிக்க வேண்டும். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் சரி என்று சொல்லிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. நுழைவுத் தேர்வில் ஆங்கில மொழித் திறன் பகுதியில் அவர்கள் கிழித்த கோட்டை வருடக் கடைசிக்குள் தொட்டுவிட வேண்டும். கணக்குப் பகுதி அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மொழிப் பகுதியில்தான் முதல் தடவை நாலு மார்க் குறைந்தது. மூன்று மாதம் விழுந்து விழுந்து படித்தார். இரண்டாம் தடவை ஐந்து குறைந்தது.

“உழைக்க உழைக்கக் குறையுது பாரு. இந்த அதிசயம் யாருக்கு நடக்கும்?” என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவைக்குத் தேதி வாங்கியாகிவிட்டது. அதிலும் போனால் அந்த இடம் வேறு ஒருவருக்கு.

படிப்பதற்கென்று தனி நேரம் அவருக்குக் கிடையாது; கடையே பாடசாலை. ஃபிரேம் வைக்கும் இழுப்பறைகள் ஒவ்வொன்றிலும் கடினமான ஆங்கில வார்த்தை ஒன்றை ஒட்டினார். “அந்தப் பிடிவாதத்தைத் திற. இல்ல இல்ல, அது கஞ்சத்தனம். அதுக்குக் கீழ, புகழ்ச்சி. அதுல பழுப்பு ஃபிரேம் இருக்கும் பாரு” என்று வார்த்தையின் அர்த்தத்தைச் சொல்லி இருட்டறையிலிருந்து குரல் வரும். முதலாளியின் மேசையில் ஒட்டிய வார்த்தைக்கு மட்டும் அர்த்தம் சொல்லவில்லை. அவர் நல்ல வார்த்தையாகத்தான் இருக்கும் என்று அதைத் துடைத்து வைத்துக்கொண்டார். என் அரவை இயந்திரத்திலும் ஒன்று ஒட்டினார். “உனக்காகவே பண்ணின வார்த்தை. வாய் திறந்தா முத்து உதிர்ந்துடும்னு பயப்படுறவங்களைச் சொல்றது.”

நாலு நாள் கழித்து எலக்ட்ரீஷியன் புதுக் கண்ணாடியோடு வந்தார். போட்டுக்கொண்டு அல்ல, கையில் பிடித்துக்கொண்டு.

“இதைப் போட்டா எறும்பு எருமை மாதிரி தெரியுது மேடம். ஸ்விட்சு போர்டைத் திறந்தா ஒயர் எல்லாம் பாம்பு பாம்பா வருது.”

“அன்னிக்கு எழுத்து தெரியலைன்னுதானே பவர் கூட்டினேன்?”

“எழுத்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. படிக்கத்தான் வரலை. அப்படி ஒரு இங்கிலீஷை நான் பொறந்ததுலருந்து பார்த்ததில்ல.”

“தெரியுதுன்னு அப்பவே சொல்லக் கூடாதா?”

“நீங்க எழுதினவர் என்ன சொல்றார்னுதானே கேட்டீங்க? தெரியுதான்னு கேக்கலையே.”

முதலாளி ஃபிரேம்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார். “கண்ணைப் பாரும்மா, மூளையைப் பார்க்காதே. அதுக்கு வேற கடை இருக்கு.” அக்கா மன்னிப்புக் கேட்டு, அவர் கண்ணெதிரிலேயே ஒட்டிய பத்தியைக் கிழித்தெடுத்தார். நான் அவருக்கு வேறு ஜோடி லென்ஸ் அரைத்தேன்.

அட்டை போனது. அதன் பிறகு பத்திக்குக் காது கொடுக்க ஆள் நான்தான். மதியம் கடை காலியாக இருக்கும்போது ஜன்னல் வழியாகத் தலையை விட்டு, ஆங்கிலத்தில் ஒரு முறை வாசிப்பார். பிறகு எனக்காகத் தமிழில் சொல்வார். அப்போதுதான் மார்க் எங்கே போகிறது என்று எனக்குப் பிடிபட்டது.

அன்றைய பத்தி மண்பானை பற்றியது. ஏதோ ஒரு பழைய ஊரில் பானைகளை மெல்லிசாகச் செய்தார்களாம். விறகுப் பஞ்சத்தால் அப்படிச் செய்திருக்கலாம் என்று ஓர் ஆராய்ச்சியாளர் சொல்கிறார்; இருக்கலாம், ஆனால் ஆதாரம் போதாது என்கிறார் பத்தியை எழுதியவர். கேள்வி: எழுதியவரின் கருத்து என்ன? ஐந்து விடைகள்.

“அஞ்சும் தப்பு!” என்றார் அக்கா. “விறகாம், பஞ்சமாம்! பானையைத் தண்ணியோட இடுப்புல தூக்கினவ யாரு? பொம்பளை. கனமா இருந்தா முதுகு போயிடும்யா, மெல்லிசாப் பண்ணிக் குடுன்னு அவ சொல்லியிருப்பா. இதை எழுதினவன் ஒரு நாளாவது குடம் தூக்கியிருப்பானா?”

“எதுக்குக்கா டிக் போட்டீங்க?”

“‘ஆராய்ச்சியாளர் சொன்னது முழுக்க முழுக்க அபத்தம்’. அதுதான் கொஞ்சமாவது நியாயமா இருந்துச்சு.”

பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்க விடையைப் பார்த்தால் தப்பு. முந்தின பத்தி கடலைப் பற்றி, அதிலும் தப்பு. அதற்கு முந்தினது ஏதோ ஓவியரைப் பற்றி. எழுதியவர் அந்த ஓவியரின் மனைவியை ஒரு வரியோடு விட்டுவிட்டார் என்று அக்கா கோபித்துக்கொண்டு நாலு கேள்வியையும் கோட்டைவிட்டிருந்தார்.

நான் கையிலிருந்த லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையில் அது போதுமான அளவுக்கு மேலேயே துடைபட்டது.

“அக்கா, நீங்க சீட்டுல ஒரு பவர் எழுதி அனுப்பறீங்க. அதைத்தான் நான் அரைக்கிறேன். இவருக்கு இன்னும் கொஞ்சம் வேணுமேன்னு எனக்குத் தோணும். ஆனா தோணுறதை அரைச்சா அதை யாருக்கா போட்டுக்கிறது?”

அக்கா ஜன்னலிலிருந்து தலையை எடுத்துக்கொண்டார். கோபம் என்று நினைத்து, அடுத்த லென்ஸின் விளிம்பைக் கொஞ்சம் அதிகமாகவே தேய்த்துவிட்டேன். பிறகு ஒரு சீட்டு வந்தது. கடைச் சீட்டுதான். வாடிக்கையாளர் பெயர் இருக்கும் இடத்தில் ‘பானை’. வலது கண்: ‘ஆராய்ச்சியாளர் — விறகு’. இடது கண்: ‘எழுதியவர் — ஆதாரம் போதாது’. குறிப்பு என்ற இடத்தில், ‘குடம் தூக்கியவள் — இந்தச் சீட்டில் இல்லை’. கடைசி வார்த்தையின் கீழ் மட்டும் தாள் கிழிகிற அளவுக்குக் கோடு.

அதற்குப் பிறகு பத்திக்கு ஒரு சீட்டு. தன் கருத்து வாய்க்குள் முட்டும்போதெல்லாம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு மறுகையால் விடை குறிப்பார். பத்துக்கு ஐந்தாக இருந்தது ஏழானது, எட்டானது. நடுவில் ஒரு நாள் திருமணச் சட்டத்தைப் பற்றிய பத்தி வந்தது, அன்றைக்குப் பத்துக்கு மூன்று. “இவனை மட்டும் என்னால விட முடியலை” என்று ஒப்புக்கொண்டார்.

பழக்கம் ஊன்ற வேண்டும் என்று வீட்டிலும் ஆரம்பித்தார் போலிருக்கிறது. ஒரு காலை கடைத் தொலைபேசி அடித்தது. முதலாளி இல்லை, அக்கா இன்னும் வரவில்லை. வேறு வழியில்லாமல் நான் எடுத்தேன். அக்காவின் வீட்டுக்காரர்.

“ஏம்மா, கடையில அவளுக்கு ஏதாவது ஆச்சா? மறைக்காம சொல்லு.”

“இல்லையே அண்ணா.”

“நாலு நாளா நான் எதைச் சொன்னாலும் ‘நீங்க அப்படிக் கருதுறீங்க’ங்கிறா. நேத்து எங்கம்மா வந்து, பொம்பளைக்கு இந்த வயசுல என்ன படிப்புன்னு கேட்டாங்க. வீடு ரெண்டாயிடும்னு நான் பால்கனிக்குப் போயிட்டேன். இவ என்ன சொன்னா தெரியுமா? ‘அத்தை அதை உறுதியா நம்புறாங்க, ஆனா காரணம் எதுவும் தரலை.’ அவ்வளவுதான்! திரும்பிப் பாத்திரம் கழுவப் போயிட்டா. எங்கம்மா பயந்துபோய் நேத்தே ஊருக்குக் கிளம்பிட்டாங்க. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்துல இவ இப்படி இருந்ததே இல்லம்மா. சண்டை போடச் சொல்லேன்.”

பரீட்சை வரைக்கும்தான் அண்ணா என்றேன். அவர் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. முதலாளி காலையிலிருந்து ஒரே ஃபிரேமைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். கண் பார்க்க வந்தவர்களை மதியத்துக்குமேல் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். “இவ போயிட்டா கண் பார்க்க நான் ஆளுக்கு எங்க போவேன்?” என்பார், அடுத்த நிமிடமே, “மணி என்ன? முடிஞ்சிருக்குமா?” என்பார்.

மூன்று மணிக்கு அக்கா வந்தார். மொழிப் பகுதி மார்க் அங்கேயே கணினித் திரையில் காட்டிவிடுவார்களாம்.

“என்னம்மா ஆச்சு?”

“வந்துடுச்சு முதலாளி. கோட்டுக்கு மேல ரெண்டு.”

முதலாளி ஃபிரேமைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டினார். காத்திருந்த இரண்டு பேரும் விஷயம் தெரியாமலே தட்டினார்கள். நான் என் அறையிலிருந்து வெளியே வந்தேன். அக்காவின் முகத்தைப் பார்த்தால் ஜெயித்துவந்தவர் முகமாக இல்லை. மாத்திரை தொண்டையில் சிக்கிக்கொண்டவர் முகம்.

“என்னக்கா?”

“அதுல ஒரு பத்தி வந்துச்சு. அதை எழுதினவன் இருக்கானே, அவன்...” வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். “சொல்லக் கூடாது. கேள்வியை வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கிட்டாங்க.”

“விட்டுத் தள்ளும்மா. பாஸ் ஆயாச்சே!”

“பாஸ் ஆனது வேற முதலாளி. அவன் சொன்னது பச்சைப் பொய். பல்லைக் கடிச்சுக்கிட்டு அவன் இஷ்டத்துக்கே டிக் போட்டுட்டு வந்திருக்கேன். எல்லாக் கேள்விக்கும்!”

இருட்டறைக்குள் போனார், வந்தார். மறுபடி போனார். காத்திருந்த இருவரில் ஒருவர் எழுந்து நின்றார். அக்காவின் கண்ணுக்கு அவர் தெரியவே இல்லை. பிறகு என் முன்னால் வந்து நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“வெளியாளுக்குத்தானே சொல்லக் கூடாது?”

“ஆமாக்கா.”

“கேள்வி தயார் பண்ணினவங்க வெளியாளா?”

நான் யோசித்தேன். “இல்லதானே?”

முதலாளிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டார். “அம்மா தாயே, படிப்புக்கு இடம் உறுதின்னு கடிதம் வர இன்னும் பத்து நாள் இருக்கு. அதுவரைக்குமாவது சும்மா இரு!”

“முதலாளி அப்படிக் கருதுறார்,” என்றார் அக்கா, என்னைப் பார்த்து.

கடைப் பெயர் அச்சிட்ட தாள் ஒன்றை உருவினார். கண் காட்ட வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, தாளை முழங்கால்மேல் நீவி வைத்துக்கொண்டு, பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.