கூரைக்குக் கீழே ஒரு கோணல் முக்காலி

மேற்கே கறுத்தால் எனக்குக் கை ஓடாது.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பை தைக்கிற கடை வைத்திருக்கிறேன். அறுந்த வார், பல் விட்ட ஜிப்பு, சக்கரம் கழன்ற பெட்டி, இவைதான் என் பிழைப்பு. பஸ்ஸுக்கு வந்தவர்கள் பையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்க முடியாமல் ஏதாவது பேசுவார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை வருசமாக அந்த ஸ்டூலைவிட்டு எழுந்திருக்காமல் இருக்கிறேன். ஆனால் போன கோடையிலிருந்து, மத்தியானம் மூணு மணி தாண்டி நாகமலைப் பக்கம் மேகம் கூடினால், எதிரே நிற்கிறவர் சொல்வது காதில் ஏறுவதில்லை. எழுந்து வாசலுக்குப் போவேன். அண்ணாந்து பார்ப்பேன். வந்து உட்காருவேன். ஊசியில் நூல் கோக்கிறதுக்குள் மறுபடி எழுந்துவிடுவேன்.

"என்னண்ணே, வயித்தக் கலக்குதா?" என்றார் ஒரு கண்டக்டர்.

"மேகம் கூடுதுண்ணே."

"ஊரே மழை வேணும்னு கும்புடுது. நீங்க ஒருத்தர் வேணாம்னு நிக்கிறீக. ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டு அது எங்கிட்டுப் போகும் பாவம்?"

சிரித்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது, எனக்கு மழை வேண்டும், காற்றுதான் வேண்டாம் என்று.

எங்கள் வீடு கே.கே. நகரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. மாடியில் தகர ஷீட் போட்டு ஒரு ஷெட். அதில்தான் என் வீட்டுக்காரி ஜாக்கெட் தைக்கிறாள். முகூர்த்த மாசங்களில் மிஷின் சத்தம் நிற்காது. சாரல் அடித்துத் துணி நனைகிறது என்று அவள் சொல்லிச் சொல்லி, ஷெட்டைச் சுற்றி ஏதாவது கட்டுவோம் என்று முடிவானது. கட்டுவதற்கு எங்கள் ஊரில் கடைக்குப் போக வேண்டியதில்லையே. வீட்டுக்கு வீடு பழைய ஃபிளெக்ஸ் கிடக்கும். கல்யாணத்துக்கு, காதுகுத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு என்று தெரு அகலத்துக்கு அடித்த பேனர்கள், விசேசம் முடிந்ததும் மாட்டுக்கொட்டகைக்கும் விறகுக் குவியலுக்கும் மூடாக்காகப் போய்விடும்.

எங்களிடம் இருந்தது என் மகன் காதுகுத்துக்கு மச்சான் அடித்த ஃபிளெக்ஸ். தாய்மாமன் சீர் செய்கிறவர், அதனால் பேனரில் முக்கால்வாசி அவர்தான். கூலிங்கிளாஸ் போட்டு, இரண்டு கையையும் கூப்பி, பின்னால் ஒரு சிங்கம். காது குத்திக்கொண்டவன் ஒரு மூலையில் வட்டத்துக்குள் அழுதுகொண்டிருப்பான். அதைத் தெருப்பக்கமான கிழக்கே கட்டினேன். வடக்கேயும் தெற்கேயும் வேறு விசேச வீட்டு ஃபிளெக்ஸ்கள். படி ஏறி வருகிற மேற்குப் பக்கத்தை மட்டும் திறந்து விட்டேன். மச்சான் வாடிப்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் பார்க்கிறவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் முதலில் மாடிக்கு ஏறுவார். தன் முகத்தைத் தானே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் கலர் போகல மாப்ள" என்பார். அதற்குப் பிறகுதான் காப்பி.

மாடிக்கு நேர் கீழே, தெருவோரத்தில், ஒரு பூக்கார அக்கா உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு சின்னப் பிள்ளையார் கோயில், நாலு வீடு தள்ளி ஒரு கிளினிக். இந்த இரண்டுக்கும் போகிறவர்கள் தாண்டியே ஆக வேண்டிய இடம் அது. நாங்கள் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாடியே அவர் அங்கே உட்கார்ந்துவிட்டார்.

போன வருசம் பங்குனிக் கடைசியில் ஒரு சாயங்காலம் காற்று வந்தது. மழைகூடப் பெரிதாக இல்லை. என் வீட்டுக்காரி பால் பொங்கிவிடும் என்று கீழே இறங்கியிருக்கிறாள். மேலே படார் என்று ஒரு சத்தம். ஓரத்து ஷீட் ஒன்று கழன்று, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, தெருவில் போய் விழுந்தது. விழுந்த இடம் பூக்கார அக்காவின் இரும்பு முக்காலி. அவர் அந்த நேரத்தில் பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்.

போன் வந்து நான் வீட்டுக்கு வந்தபோது கூட்டம் கூடியிருந்தது. முக்காலியின் ஒரு கால் மடங்கிக் கிடந்தது. அக்கா அதைக் கையில் தூக்கிப் பிடித்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "எமன் வந்து உக்காந்து பாத்துட்டு, ஆளக் காணோம்னு எந்திரிச்சுப் போயிருக்கான்." என்னைப் பார்த்ததும் குரல் இறங்கியது. "ஏந்தம்பி, தண்ணி பிடிக்கிற நேரமா இருந்துச்சு. பூக் கட்டுற நேரமா இருந்தா?"

 இடத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள் அக்கா என்று மட்டும் மெதுவாகச் சொன்னேன்.

"நான் எதுக்குத் தள்ளணும்? பறந்து வந்தது நானா, உன் ஷீட்டா?"

மறுநாளே புது முக்காலி வாங்கிக்கொண்டு போனேன். திருப்பி அனுப்பிவிட்டார். மடங்கின காலைக் கல்லை வைத்துத் தட்டி, கோணலாகவே நிமிர்த்தி, அதிலேயே ஆடி ஆடி உட்கார்ந்தார். "இதுல உக்காந்தாத்தான் உனக்கு மேல ஒரு கூரை இருக்குறது ஞாபகம் இருக்கும்."

நான் உடனே செய்த காரியம், எங்கள் ஊரில் எல்லோரும் செய்கிறதுதான். கழன்ற ஷீட்டை நெளிவெடுத்து மறுபடி மாட்டி, கூரை மேல் பாரம் ஏற்றினேன். இரண்டு லாரி டயர், நாலு கருங்கல், உடைந்த ஆட்டுக்கல் ஒன்று. கீழே இறங்கிப் பார்த்தபோது திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. ஷீட் போகும்போது கல் எங்கே போகும் என்று ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கொண்டது.

ஷெட் வேலை பார்க்கிற ஒரு வெல்டரைக் கூட்டி வந்தேன். பசுமலைப் பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். மேலே ஏறினதும் தலையில் கை வைத்தார்.

"யாருண்ணே இந்தக் கல்லெல்லாம் வச்சது?"

"நாந்தான். பறக்காம இருக்கட்டும்னு."

"பறக்கும்ணே. கல்லையும் கூட்டிக்கிட்டுப் பறக்கும். தனியாப் போன ஷீட்டுக்கு இப்பத் தொணைக்கு ஆள் அனுப்பியிருக்கீங்க."

ஸ்க்ரூக்களைத் திருகிப் பார்த்தார். வெயிலில் ரப்பர் வாஷரெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. ஷீட்டின் பள்ளத்தில் ஓட்டை போட்டு முடுக்கியிருந்தார்கள். தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஓட்டை, அதனால் துரு, துருவினால் பிடிப்பில்லை. "மேட்டுல போடணும்ணே. பைப்பச் சுத்திப் பிடிக்கிற கொக்கி போல்ட்டாப் போடணும். ஓரத்து ஷீட்டுக்கு ரெண்டு மடங்கு. காத்து எப்பவும் ஓரத்தத்தான் முதல்ல சொரண்டிப் பாக்கும்."

பிறகு திரும்பி என் மச்சானைப் பார்த்தார். நேரம் எடுத்துப் பார்த்தார்.

"எல்லாத்தையும் விட இவருதாண்ணே பிரச்சினை."

"எங்க மச்சான்."

"இருக்கட்டும். மூணு பக்கம் அடைச்சு, காத்து வர்ற பக்கத்தத் திறந்து வச்சிருக்கீங்க. உள்ள வந்த காத்து எங்கிட்டுப் போகும்? மேலதான் முட்டும். இவர முதல்ல அவுத்து விடுங்க. போல்ட்டு நான் வாங்கிட்டு வாரேன்."

அவிழ்த்திருக்கலாம். அஞ்சு நிமிச வேலை. ஆனால் என் வீட்டுக்காரி முகம் மாறிவிட்டது. "அண்ணன் திருவிழாவுக்கு வர்றாருங்க. வந்து பாத்துட்டுப் போகட்டும். மொகத்த அவுத்துப் போட்டோம்னா மனசு விட்டுப்போகும். இப்பத்தான் எங்கப்பா நிலத்துப் பேச்செல்லாம் ஓஞ்சு, நானும் அவரும் சிரிச்சுப் பேசுறோம்." அதுவும் நியாயம்தான். அண்ணனும் தங்கச்சியும் பேசாமல் கிடந்த காலம் எனக்குத் தெரியும். வெல்டரோ முகூர்த்த மாசம், பந்தல் வேலை என்று "நாளைக்கு வாரேண்ணே" சொல்லிக்கொண்டே இருந்தார். கல்லாவது இருக்கட்டும் என்று அதையும் இறக்காமல் விட்டேன்.

அந்த இரண்டு வாரம் நான் மனுசனாக இல்லை. கடையில் இருந்தால் கண் மேற்கே. வீட்டில் இருந்தால் மாடிக்கும் தெருவுக்கும் நடை. பூக்கார அக்கா கவனித்துக்கொண்டே இருந்தார். "தம்பி எனக்குக் காவலுக்கு ஆள் வச்சிருக்கு" என்று பூ வாங்க வருகிறவர்களிடம் சொல்வார். "பெரிய மனுசியாயிட்டேன்ல."

ஒரு வெள்ளிக்கிழமை மூணரை மணி. மேற்கே கறுப்பு அல்ல, ஒரு மாதிரி பச்சையும் ஈயமும் கலந்த நிறம். பஸ் ஸ்டாண்டில் காகிதங்கள் வட்டம் சுற்றின. கையிலிருந்த பையை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தப் பையின் சொந்தக்காரர் பின்னாலேயே கத்தியது கேட்டது. பக்கத்துத் தூரம்தான், ஆனால் அன்றைக்கு சிக்னலெல்லாம் என்னைத்தான் பிடித்தன. மண்ணை வாரி முகத்தில் அடித்தது காற்று.

சந்துக்குள் திரும்பினால் அக்கா அதே இடத்தில். ஈரத்துணியைப் பூவின் மேல் இழுத்து மூடிக்கொண்டு, முக்காலியில் ஆடிக்கொண்டு. மேலே ஷீட் அடிக்கிற சத்தம் சந்து முனை வரைக்கும் வந்தது.

"அக்கா, எந்திரிங்க!"

"இருப்பா. ரெண்டு முழம் கேட்டுட்டு ஒரு பிள்ள வண்டிய நிறுத்தப் போயிருக்கு."

"எந்திரிங்கக்கா, மேல பாருங்க!"

"வெள்ளிக்கிழமை யாவாரம்ப்பா, அந்தப் பிள்ள..."

அவரை அசைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுப் படிக்கட்டுக்குள் ஓடினேன். ஆள் வராவிட்டாலும் கூடை போன இடத்துக்கு வந்துதானே ஆக வேண்டும். "களவாணிப்பயலே, பட்டப்பகல்ல பூவத் தூக்கிட்டு ஓடுறானே!" என்று முக்காலியையும் கையில் பிடித்தபடி பின்னாலேயே வந்தார். கூடையைப் படியில் வைத்துவிட்டு, அவர் திட்டு முதுகில் விழ விழ மேலே ஏறினேன்.

மாடியில் என் வீட்டுக்காரி கிழக்குப் பக்கத்துப் பைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃபிளெக்ஸில் மச்சான் வயிறு தெருப்பக்கம் தள்ளிப் புடைத்து, கூலிங்கிளாஸ் இரண்டும் பிதுங்கி, மூச்சை இழுத்துக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் கூரை ஒரு விரல் உயரம் எழும்பி உட்கார்ந்தது. கயிற்று முடிச்சுகள் இறுகிப்போய்ப் பல்லுக்கும் வரவில்லை. ஆட்டுக்கல் மேலே நகர்கிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி ஒரு கருங்கல் சரிந்து, கைப்பிடிச் சுவருக்கு உள்பக்கம் விழுந்து தரையைப் பெயர்த்தது. ஒரு சாண் தள்ளியிருந்தால் தெரு.

தையல் மேசையிலிருந்த கத்தரியை எடுத்தேன். அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க. எங்கண்ணன். நானே வெட்டுறேன்."

தாடைக்குக் கீழே குத்தி, மேலே ஒரே இழுப்பு. கிழிந்த இடத்தில் காற்று பாய்ந்து வெளியே போனது. கூரை தொப்பென்று உட்கார்ந்தது. நான் கத்தரியை வாங்கி மூன்று பக்கமும் கயிறுகளை அறுத்தேன். அப்புறம்தான் ஆலங்கட்டி விழுந்தது. நெல்லிக்காய் அளவு. தகரத்தில் அது அடித்த சத்தத்தில் அவள் பேசுவது வாய் அசைவாக மட்டும்தான் தெரிந்தது. சாரல் நேராக உள்ளே வந்தது. அவள் அறுந்து விழுந்த அண்ணன் ஃபிளெக்ஸை மடித்து விரித்து, கல்யாண ஜாக்கெட்டுகளை எல்லாம் அதில் போட்டு மூட்டையாகச் சுருட்டி அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கூரை அடி வாங்கியது, குழி குழியாக நெளிந்தது. ஆனால் எழும்பவில்லை.

ஓய்ந்து நாங்கள் இறங்கியபோது அக்கா படியில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். ரெண்டு முழம் கேட்ட அந்தப் பிள்ளையும் அங்கேயே ஒதுங்கி நின்றது. தெருவில் எங்கள் ஷீட் எதுவும் இல்லை. முக்காலி வழக்கமாக இருக்கிற இடத்தில் வெள்ளையாக ஆலங்கட்டி மட்டும் கிடந்தது. அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மல்லிப்பூவுல கை வச்ச பாவம் சும்மா விடாது. ஆனா இன்னைக்கு விட்டுரும்."

வெல்டர் மறுநாளே வந்துவிட்டார். நான் போனில் பேசியவிதம் அப்படி. முதலில் கல்லையும் டயரையும் இறக்கினார். கொக்கி போல்ட்டுகளை மேட்டில் போட்டு, தார் வாஷர் வைத்து, ஓரத்துக்கு இரட்டையாக முடுக்கினார். இடுப்பளவுக்கு மட்டும் தகரம் வைத்து, மேலே காற்றுப் போக விட்டார். சாரலுக்கு ஒரு தார்ப்பாய், இழுத்தால் சுருண்டு போகிற சுருக்கு முடிச்சோடு.

வேலை முடிகிற நேரத்தில் படியில் மூச்சு வாங்குகிற சத்தம். பூக்கார அக்கா. இத்தனை வருசத்தில் எங்கள் மாடிக்கு அவர் ஏறியது அன்றைக்குத்தான். யாரையும் கேட்கவில்லை. தெருப்பக்கத்துக்குப் போய், தன் இடத்துக்கு நேர் மேலே இருக்கிற ஷீட்டைக் கையால் தட்டினார். போல்ட்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

"மேட்டுலதான போட்டிருக்க?"

"மேட்டுலதான்க்கா" என்றார் வெல்டர், அசந்துபோய்.

"அந்தப் பைப்புல தொங்கிக் காட்டு."

"அக்கா, நான் எழுபது கிலோ."

"அதுக்குத்தான் சொல்றேன். நான் கீழ உக்காரணும்ல."

தொங்கினார். காலைத் தூக்கிக்கொண்டு ஓர் ஆட்டம் வேறு ஆடிக் காட்டினார். அக்கா சிரிக்கவில்லை. இன்னொரு முறை ஷீட்டைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

திருவிழாவுக்கு வந்த மச்சான் வழக்கம்போல முதலில் மாடி ஏறினார். "என் மொகத்த எங்க?" தங்கச்சிக்காரி சமாளித்தாள்: "நீதாண்ணே அம்புட்டு ஜாக்கெட்டையும் நனையாமக் காப்பாத்துன." அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "தாய்மாமன்னா சும்மாவா" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது.

அந்த வாரமே மறுபடி ஒரு புது முக்காலியைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் போனேன். பார்த்தார். வாங்கவில்லை.

"ஒரு முழுக் கோடை போகட்டும். அப்புறம் கொண்டா."

இது அந்தக் கோடை. முக்காலி என் கடையில், மிஷினுக்குப் பின்னால், பாலிதீன் உறை பிரிக்காமல் இருக்கிறது. இதை எழுதுகிறபோதும் மேற்கே கூடுகிறது. வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்ததும், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாடியே, "சுருட்டிட்டேங்க, தார்ப்பாயச் சுருட்டிட்டேன்" என்றாள். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"உங்க வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிக்கலாம்னு உக்காந்திருக்காக."

வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.