ஓடைக் காவலரிடம் திரேசக்கா சொன்ன பொய்

செய்தி தொலைபேசியில் வந்தது, எனக்குத்தான் விளங்கவில்லை. "திரேசா எ மன்காத்தா" என்றார் திரேசக்கா வேலை செய்த வீட்டு எசமானி, சிஞோரா. எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அதற்கு 'வரவில்லை' என்று பொருள். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தவர் என்பதால், "நாளைக்கு வந்துவிடுவார், சிஞோரா" என்றேன். மறுமுனையில் அழுகை கேட்டது. இறந்தவரையும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள் என்பதை, அல்பெர்கேரியாப் பேட்டையில் என் அறைக்குக் கீழே இருக்கும் பழக்கடைக்காரர்தான் சொல்லித் தந்தார்.

இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் திரேசக்காவை மாதா கோவிலில் தெரியும். எனக்கு அவரை ஓடைக்கரையில் தெரியும். அந்த நாட்களில் அவர் பராமரித்து வந்தவர் சிஞோராவின் தந்தை. ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். நாங்கள் அவரைப் புரொபெசோரே என்போம். மலைக்குள் இருக்கும் ஒரு சிற்றோடையின் ட்ரவுட் மீன்கள்தான் அவருக்கு உலகம். அவை பண்ணையில் வளர்த்துக் கொண்டுவந்து விட்டவை அல்ல, அந்தத் தண்ணீரிலேயே பெருகியவை. அதனால் அந்த ஓடைக்குத் தனிச் சட்டம் இருந்தது. மண்புழு கூடாது. கழற்றும்போது மீனைக் கிழிக்காதபடி, எதிர்முள் இல்லாத ஒற்றைத் தூண்டில் மட்டும். பிடித்த மீனை அளந்து, உயிரோடு திரும்ப விடவேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் புரொபெசோரே பிடிப்பார். திரேசக்கா ஈரக்கையால் மீனை அளவுப்பலகையில் கிடத்தி, நீளத்தைச் சொல்லிவிட்டுத் தண்ணீரில் விடுவார்.

மன்னாரில் மீன்பிடித்த குடும்பத்துப் பெண் மீனைத் திரும்ப விடுவது எனக்குப் பிடிபடவில்லை. கேட்டேன்.

"கடலிலை பிடிச்சது சீவியத்துக்கு, தம்பி. இஞ்சை கொஞ்சம்தான் கிடக்கு. முடிஞ்சா முடிஞ்சதுதான்" என்றார்.

தொண்ணூற்றிரண்டின் கோடையில், புரொபெசோரே உட்காரும் கதிரையைத் தூக்குவதற்கென்று என்னையும் ஒருநாள் கூட்டிப்போனார். புரொபெசோரே மரநிழலில் கண்ணயர்ந்த நேரம், நான் ஓடையின் மேற்பக்கம் போய், தடியில் நூல் கட்டி, புழுக் கொளுவி ஒரு மீனைப் பிடித்தேன். கல்லில் அடித்துக் கொன்றேன். மிளகாய்த்தூள் போட்டுப் பொரிக்கும் எண்ணம்தான். திரும்பிப் பார்த்தால் திரேசக்கா நிற்கிறார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை, அக்கா. விடுங்கோ."

"நான் பாத்தனே" என்றார்.

அடுத்த கிழமை, இங்கே தங்குவதற்கான அனுமதியான என் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க நான் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்துக்குப் போகவேண்டும். எந்தக் கடதாசியிலாவது என் பெயர் ஏறினால் அது கிடைக்காமலே போகலாம். அவர் மீனை வாங்கித் தன் கைக்குட்டையில் சுற்றினார். நேரே பாலத்தடியில் நின்ற ஓடைக் காவலரிடம் போய் விரித்துக் காட்டினார்.

"யார் பிடித்தது?"

"நான்" என்றார் திரேசக்கா.

காவலர் திரேசக்காவின் காய்ந்த சப்பாத்தைப் பார்த்தார். முழங்கால்வரை நனைந்திருந்த என் காற்சட்டையைப் பார்த்தார். பிறகு அவருடைய பெயரையே எழுதினார். அந்தப் பருவம் முழுவதும் அவர் தண்ணீருக்குக் கிட்டப் போகக்கூடாது என்று முடிவாயிற்று. திரேசக்காவுக்கும் பெர்மெஸ்ஸோ இருந்தது. அவருக்கும் அது புதுப்பிக்கவேண்டிய கடதாசிதான். அது அன்று எனக்கு நினைவுக்கு வரவே இல்லை.

புரொபெசோரே இரண்டு ஞாயிறு அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் ஞாயிறு திரேசக்கா அளவுப்பலகையை என்னிடம் நீட்டினார்.

"இதை நீர் பிடியும். நான் மேலை பாலத்திலை இருக்கிறன்."

"நானா?"

"வேறை ஆர்? கையை நனைச்சுப்போட்டுத் தொடும்."

தண்டனையா, நம்பிக்கையா, அல்லது வேறு ஆள் இல்லாததாலா என்று விளங்காமலே அந்தக் கோடை முழுவதும் மீன்களை அளந்தேன். கையில் ஒவ்வொன்றும் துடிக்கும்போது, கல்லில் அடித்த மீன் ஞாபகம் வரும். அண்ணாந்து பார்ப்பேன். பாலத்தில் அவர் செபமாலை உருட்டிக்கொண்டோ, வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டோ இருப்பார். ஒருமுறைகூட அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கடைசியாக, ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நானே கேட்டுவிட்டேன். "மீனைக் காட்டிக்குடுத்தியள். என்னைக் காட்டிக்குடுக்கேல்லை. ஏன் அக்கா பொய் சொன்னியள்?"

தலையணையில் முகத்தை என் பக்கம் திருப்பினார். "எனக்கும் விளங்கேல்லை, தம்பி. உமக்காவது விளங்கியிருக்கும், ஒருநாள் வந்து சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

எனக்கு விளங்கவில்லை. இன்றும் இல்லை. நல்லது செய்பவர்களுக்கு ஏன் செய்கிறோம் என்று தெரிந்திருக்கும் என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அவருக்குத் தெரியவில்லை, தெரியாமலே செய்தார், அதற்காக ஒரு கோடை முழுவதும் பாலத்தில் உட்கார்ந்திருந்தார். திரேசக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த 'விளங்கேல்லை' ஒன்றுதான். அதை யாரிடமும் கொடுத்து விளக்கம் கேட்க எனக்கு மனமில்லை.