வலது பக்கம் இரண்டு இருக்கைகள்

கிளிஃபர்ட் ராஸ்ட்ரிக் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யார்க் ரயில் நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் முப்பத்து நான்கு வருடம் உட்கார்ந்திருந்தவர். எந்த வண்டி, எந்த மேடை, எங்கே மாற வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். உட்காருவதற்கு ஒரு மனிதனுக்கு இவ்வளவுதான் என்று அளவு இருந்தால் அது அங்கேயே தீர்ந்திருக்கும்.

அவர் மனைவி பெரிலுக்கு மறதி நோய். அவளும் உட்கார மாட்டாள். முன்கதவிலிருந்து சமையலறை வரைக்கும், பிறகு அங்கிருந்து முன்கதவு வரைக்கும், வழியில் உள்ள ஒவ்வொரு கதவுப் பிடியையும் தொட்டுக்கொண்டு நடப்பாள். நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறேன். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முப்பத்தொரு வருடம் செய்துவிட்டு நிறுத்தியவள். இருந்தாலும் திங்களும் வியாழனும் காலையில் பெரிலோடு இருக்கப் போவேன். அந்த நேரத்தில் கிளிஃபர்ட் வெளியே போய்க் காற்று வாங்கட்டும் என்பது ஏற்பாடு. அவர் போவதில்லை. சமையலறை மேசையைச் சுற்றி நடந்துகொண்டே பயணத் திட்டம் போடுவார்.

பிப்ரவரியில் தொடங்கியது. யார்க்கிலிருந்து டர்ஹம், அங்கே கதீட்ரல் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு எடின்பரோ, ஓர் இரவு தங்கல், மறுநாள் திரும்புதல். தேவாலயச் செய்தி மடல்களின் வெற்றுப் பின்பக்கத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டு எழுதுவார். வண்டி மாறும் இடம் சிவப்பு. தேநீர் குடிக்கும் இடம் பச்சை.

"அமைதிப் பெட்டியிலயா இடம் போட்டிருக்கீங்க?" என்று மூன்றாவது திட்டத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"ஆமா. அங்க யாரும் சத்தம் போடக் கூடாது."

"பெரில் இருப்பாளே! நாள் பூரா பாட்டை முணுமுணுக்கிறவளை அமைதிப் பெட்டியில ஏத்தினா, நாலு பேரு செய்தித்தாளை இறக்கிட்டு முறைப்பாங்க. நீங்க ஜன்னல் வழியா குதிச்சிடுவீங்க."

பெட்டியை மாற்றினார். அடுத்த வாரம் எடின்பரோவை வெட்டினேன்.

"டோரீன், எடின்பரோ இல்லாம அது என்ன பயணம்?"

"காலையில பத்துலருந்து ஒண்ணு வரைக்கும் அவ நல்லா இருக்கா. மூணு மணிக்கு மேல என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். தெரியாத விடுதியில, தெரியாத கதவுகளோட, ராத்திரி அவளை யார் பிடிக்கிறது? நீங்களா? எண்பத்தொரு வயசுல?"

அவர் மேசையை இரண்டு முறை சுற்றினார். பெரில் சமையலறைக்குள் வந்தாள், கதவுப் பிடியைத் தொட்டாள், திரும்பிப் போனாள்.

"டர்ஹம் மட்டும்," என்றார் கடைசியில். "அம்பது நிமிசம். ஆனா வலது பக்க சீட்டு. அதுல நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."

வடக்கே போகும்போது டர்ஹம் வருவதற்குச் சற்று முன்னால் வண்டி உயரமான கல்பாலத்தின் மேல் ஏறும். கீழே ஊர், எதிரே குன்றின் மேல் கதீட்ரல். வலது பக்கச் சன்னலில் உட்கார்ந்தவருக்கு அது முழுசாகக் கிடைக்கும். இடது பக்கம் வீட்டுக் கூரைகள். கல்யாணமான வாரத்தில் பெரில் அந்தச் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாளாம்.

பதினான்காவது திட்டம் ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமைக்கு முடிவானது. அதற்கு முந்தைய திங்கள், கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு கடித உறையைப் பார்த்தேன். பக்கத்து ஊரான தர்ஸ்க்கில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்திலிருந்து. அந்த உறைகளை எனக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

"பெரிலுக்கு இடம் கிடைச்சிருக்கா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம்."

"என்ன சொல்லப் போறீங்க?"

அவர் அளவுகோலை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "புதன்கிழமை இந்தப் பயணத்தை அவ சமாளிச்சுட்டான்னா வேண்டாம்னு எழுதிடுவேன். சமாளிக்க முடியலன்னா... பார்ப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. நோயாளியை ரயிலில் ஏற்றிப் பரீட்சை வைக்கிற மனிதரை அதுவரை நான் பார்த்ததில்லை.

"அவளுக்குச் சொல்லிட்டீங்களா, பரீட்சைன்னு?"

"கேலி பண்ணாத, டோரீன்."

"நானும் வரேன். ஒரு டிக்கெட் எடுங்க," என்றேன்.

"ஏற்கெனவே எடுத்துட்டேன்," என்றார்.

புதன் காலை பெரிலைக் கழிவறைக்கு அழைத்துப் போய், நல்ல காலணி போட்டு, கோட்டின் பைக்குள் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டையை வைத்தேன். கிளிஃபர்ட் பிளாஸ்க்கில் தேநீர், முட்டை சாண்ட்விச், பழக்கேக்கோடு வெள்ளைப் பாலாடைக்கட்டித் துண்டுகள் எல்லாம் கட்டியிருந்தார். ஒன்பதரை வண்டிக்கு ஒன்பதுக்கே மேடையில் நின்றோம். எங்கள் பெட்டி நிற்கும் இடம் இதுதான் என்று ஒரு தூணுக்குப் பக்கத்தில் எங்களை நிறுத்தினார். அந்தத் தூணை முந்தைய வாரமே வந்து பார்த்து வைத்திருக்கிறார்.

வண்டி வர நான்கு நிமிடம் இருக்கும்போது ஒலிபெருக்கி பேசியது. இன்று பெட்டிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன, மன்னிக்கவும்.

கிளிஃபர்டின் முகம் காகிதம் போல வெளுத்தது. இந்த அறிவிப்பை எத்தனை ஆயிரம் பேருக்கு அவரே விளக்கியிருப்பார். வண்டி முன்பின்னாகத் திரும்பி நின்றால் முன்பெட்டி பின்னால் போகும், வலது பக்க இருக்கை இடது பக்கம் போகும், முன்னே பார்த்து உட்காருகிறவர் பின்னே பார்த்து உட்காருவார். பதினான்கு திட்டத்திலும் இதற்கு ஒரு வரி இல்லை.

"நடங்க," என்றேன். "மேடையோட அந்தக் கோடிக்குப் போகணும்."

அவர் ஓடினார். பெரில் எங்கள் இருவரையும் முந்திக்கொண்டு சந்தோஷமாக நடந்தாள். நடப்பதில் அவளுக்குப் பழக்கம் அதிகம்.

எங்கள் இருக்கைகள் இடது பக்கம்தான் இருந்தன. எதிர்ப்பக்கத்தில் ஒரு வாலிபன் கணினியோடும், பக்கத்தில் ஒரு பெண் பின்னல் ஊசியோடும் இருந்தார்கள்.

"ஒரு வார்த்தை கேட்டா மாத்திக்குவாங்க," என்றேன்.

"வேண்டாம், வேண்டாம். அவங்க பணம் கொடுத்து வாங்கின இடம். தொந்தரவு பண்ணக் கூடாது."

"நான் கேக்குறேன்."

"டோரீன், உன் காலைப் பிடிக்கிறேன், கேக்காத."

எங்கள் ஊரில் மனிதர்கள் இப்படித்தான். ரயில் கவிழ்ந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் மேலே விழுவார்கள்.

பெரில் உட்காரவில்லை. வண்டி கிளம்பியதும் அவளும் கிளம்பினாள். இருக்கை முதுகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஒரு பெட்டி, அடுத்த பெட்டி. கிளிஃபர்ட் அவள் கம்பளிச் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். "மன்னிச்சுக்குங்க... மன்னிச்சுக்கணும்... கொஞ்சம் வழி..." என்று அவர் குரல் போவதும் வருவதுமாக இருந்தது. நான் மாறிக்கொள்கிறேன் என்று இரண்டு முறை எழுந்தேன்.

"நீ உக்காரு. பையைப் பாத்துக்கோ. இது என் வேலை."

டார்லிங்டன் நிலையத்தைத் தாண்டும்போது அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. பெரிலின் கன்னம் சிவந்து, பார்க்க நன்றாகவே இருந்தாள்.

"நல்ல பெரிய வீடு இது," என்றாள் என்னிடம். "ஆனா ரொம்ப ஆடுது."

பாலம் வந்தபோது அவர்கள் இருவரும் பெட்டிகளுக்கு நடுவே கதவோரம் நின்றிருந்தார்கள். என் பக்கம் கூரைகள்தான் தெரிந்தன. ஆனால் இடைக்கதவின் கண்ணாடி வழியாகப் பெரிலைப் பார்த்தேன். வலது பக்கக் கதவின் சன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள். கிளிஃபர்ட் பார்க்கவில்லை. அவர் சுவரில் சாய்ந்து, கண்ணை மூடி, சட்டை நுனியை மட்டும் விடாமல் பிடித்திருந்தார்.

டர்ஹமில் இறங்கியதும் அவரைப் பெஞ்சில் உட்கார வைத்து மணிக்கட்டைப் பிடித்தேன். துடிப்பு நூற்றுப் பத்துக்கு மேல். உதடு வெளுத்திருந்தது. மார்வலி உண்டா, இடது கை கனக்கிறதா என்று கேட்டேன். இல்லை, களைப்புத்தான் என்றார். தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக் கையில் கொடுத்தேன்.

"கதீட்ரலுக்கு நேரமாச்சு," என்று எழப் பார்த்தார்.

"உக்காருங்க. கீழே இறங்கி மறுபடி குன்று ஏறணும். உங்களால ஆகாது. திரும்புற வண்டி எப்ப?"

"ஒண்ணேகாலுக்கு. முந்தி வர வண்டி எதுலயும் இந்த டிக்கெட் செல்லாது."

நான் போய் மேடையில் இருந்த பணியாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். தொந்தரவு செய்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. அந்தப் பெண் கிளிஃபர்டின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டாள், அடுத்த வண்டியிலேயே போங்கள் என்றாள். வண்டி வரும் வரை பெரிலின் கையைக் கோத்துக்கொண்டு மேடையின் நீளத்தை அளந்தாள்.

கிளிஃபர்ட் அவர்கள் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ சமாளிச்சுட்டா, டோரீன்."

"ஆமா. அவளுக்கு ஒரு குறையும் இல்ல."

"என்னாலதான் முடியல."

முப்பத்தொரு வருடத்தில் இந்த வார்த்தையைச் சொல்லாமலே மயங்கி விழுந்த கணவர்கள் ஐந்து பேரை ஆம்புலன்சில் ஏற்றியிருக்கிறேன்.

"சாண்ட்விச் சாப்பிடுங்க," என்றேன்.

சாப்பிட்டார். பாதியில் நிறுத்தி, "பாலத்துல அவ ஏதாவது சொன்னாளான்னு கேக்க மாட்டியா?" என்றார்.

"சொன்னாளா?"

"'யாரோ பெருசா கட்டியிருக்காங்க, கிளிஃப்'ன்னு சொன்னா."

"உங்க பேரைச் சொன்னாளா?"

"சொன்னா." மீதிச் சாண்ட்விச்சைக் காகிதத்தில் மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார்.

வியாழன் காலை நான் போனபோது கடிகாரத்துக்குப் பின்னால் உறை இல்லை. தர்ஸ்க்குக்குத் தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டாராம். பெரில் முன்கதவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தார். மேசையில் புதிய தாள், அளவுகோல், சிவப்புப் பேனா. திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு என்று நான்கு கட்டங்கள். தர்ஸ்க்குக்குப் போகும் வண்டி, வரும் வண்டி, அது தவறினால் அடுத்த வண்டி.

"எந்தப் பக்கம் சீட்டு போட்டிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"சீட்டே போடல. இருபது நிமிசம். நின்னுக்கிட்டே போயிடுவேன்."

"ஸ்டேஷன்லருந்து இல்லத்துக்கு ஒரு மைல் இருக்கே?"

"நடக்கணும்," என்றார். பெரில் சமையலறைக் கதவுப் பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அவர் தாளை வைத்துவிட்டு அவளோடு முன்கதவு வரைக்கும் போனார்.