இரண்டு துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர்

ஐம்பதுகளில் வேடந்தாங்கல் பக்கம் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்தது. காட்டுப்பன்றிகளுக்காக லைசென்ஸோடு பெரிய ரைஃபிள் ஒன்றும் சிறியது ஒன்றும் வைத்திருந்தேன். எங்கள் குழந்தை இறந்தபின் என் மனைவிக்கு வெடிச்சத்தமே ஆகவில்லை. எதைச் சுட்டாலும் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டாள்.

பட்டணத்தில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய், இரண்டுக்கும் பொருந்தும்படி ஒரே சைலன்சர் கேட்டேன்.

"பெர்சுக்கு ஏத்ததா வாங்கு அண்ணாத்த, சின்னதுக்கும் மாட்டலாம். சின்னதோடத பெர்சுல மாட்டினா குண்டு போவ வழியில்லாம வெடிச்சிடும்" என்றார் கடைக்காரர்.

"சத்தம் நின்னுடுமா?"

"கொறையும். நிக்காது. வூட்டாண்ட சுட்டா கேக்கத்தான் கேக்கும்."

வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு துப்பாக்கிகளையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டேன். அந்தப் போகத்தில் பன்றிகள் கொல்லையை முழுவதும் கிளறிப்போட்டன. அவள் தேறினால் போதும் என்றிருந்தேன்.

அறுவடைக்கு ஒன்றுமில்லாத ஒரு மத்தியானம் அவள் கேட்டாள்: "இன்னிக்கும் சுட்டீங்களா?"

"வூட்ல துப்பாக்கியே இல்லையே" என்றேன்.

"சத்தம் கேட்டுகினே கீதே" என்றாள்.