சலூனில் மஞ்சள் துண்டு

அண்ணன் கண்ணை மூடி ஒரு மாதமாகிறது. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கத்தரி நின்றாலும் அவர் பேச்சு நிற்காது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இரண்டு நாற்காலி போட்டுச் சலூன் நடத்திய அவரை ஊரே ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடும்.

ஆற்றோரம் புது மாதிரிச் சிறிய அணு உலை வந்தபோது ஊர் இரண்டுபட்டது. அண்ணன் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். “பழசு மாதிரி இல்லப்பா, கரண்ட் போனாலும் தானா ஆறிடுமாம்” என்று சவரத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். கழுத்தில் கத்தி இருக்கும்போது யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

ஆனால் உலையில் வேலை செய்பவர்கள் முடிவெட்ட வரத் தொடங்கியதும், கதிர்வீச்சு ஒட்டிக்கொள்ளும் என்று மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, உலைக்காரர்களுக்கென்று தனியாக மஞ்சள் துண்டுகள் வாங்கி மாட்டினார் அண்ணன். பெரிய யோசனை என்று அவருக்கு நினைப்பு. கூட்டம் பாதியாகக் குறைந்ததுதான் மிச்சம்.

சாப்பாடு கொண்டுபோன ஒரு மதியம் நானும் அங்கிருந்தேன். முறைக்காகக் காத்திருந்த பக்கத்துக்கடைத் தையல்காரர் உடைத்தே கேட்டார்.

“ஏன் ரேடியோ, பயமில்லைன்னு வாய் சொல்லுது, இருக்குன்னு துண்டு சொல்லுது. நீயே பயந்தா நாங்க எம்மாத்திரம்?”

அப்போது, முன்பே முறை சொல்லிவைத்திருந்த உலை ஆபரேட்டர் ஒருவர் உள்ளே வந்தார். யாரும் சொல்லாமலே கொக்கியிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்துக் கழுத்தில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

“அதக் கழட்டுங்க சார்.”

வெள்ளைத் துண்டு போட்டு அவருக்கு வெட்டி முடித்தார். அடுத்துத் தையல்காரர் முறை. சலவை மடிப்புக் கலையாத ஒரு மஞ்சள் துண்டை உதறிப் பிடித்தபடி நின்றார் அண்ணன்.

“போடவா, வேணாமா?”

தையல்காரர் துண்டைப் பார்த்தார், வாசல்வரை போயும் கிளம்பாமல் நின்ற ஆபரேட்டரைப் பார்த்தார்.

“போடு. எனக்கு எடுப்பா இருக்கான்னு மட்டும் சொல்லு.”

“மாப்பிள்ளை கணக்கா இருக்க. பொண்ணுதான் கிடைக்காது!”

ஆபரேட்டர்தான் முதலில் சிரித்தார். அன்றிலிருந்து வெள்ளையும் மஞ்சளும் ஒரே அடுக்கில். கைக்கு வந்தது கழுத்துக்கு. ஊர் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. இரும்புக்கடைக்காரர் மட்டும் கடைசிவரை வரவேயில்லை.

“விடு தங்கச்சி, அவர் தலையில வெட்டுறதுக்கு என்ன இருக்கு?” என்பார் அண்ணன்.

இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.